நமக்கு இரண்டு படி, எதிரிக்கு ஒரு படி

(ஒரு நூலக அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது, குவேக்கர்கள் விட்டுச் சென்ற காகிதங்களைப் பற்றி. அவர்கள் எழுதிய பெரிய நூல்களைப் பற்றி அல்ல. கடிதம், நாட்குறிப்பு, கணக்கேடு, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு, இவற்றைப் பற்றி.

தலைப்பைக் கேட்டதுமே சிலர் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. குவேக்கர் என்றால் காலையில் பாலில் போட்டுக் காய்ச்சுகிறோமே, அந்த ஓட்ஸா? இல்லை ஐயா. அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இவர்களுடைய நாணயத்துக்கு இருந்த நல்ல பெயரை வியாபாரிகள் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கிற காட்பரி சாக்லேட் இருக்கிறதே, அதைத் தொடங்கிய குடும்பம் அசல் குவேக்கர் குடும்பம்.

யார் இவர்கள்? 17ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்து தன் மன்னரின் தலையையே வெட்டிவிட்டு அடுத்து என்ன என்று திகைத்து நின்ற காலத்தில், ஜார்ஜ் ஃபாக்ஸ் என்ற நெசவாளியின் மகன் தொடங்கிய சமய இயக்கம் இது. தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொண்டார்கள். குருமார் கிடையாது. சடங்கு கிடையாது. ஓர் அறையில் கூடி உட்காருவார்கள். யாருக்காவது உள்ளேயிருந்து சொல் எழுந்தால் எழுந்து பேசுவார், ஆணானாலும் பெண்ணானாலும். யாருக்கும் எழாவிட்டால்? மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு, மௌனமாகவே வீட்டுக்குப் போவார்கள்.

இந்த மௌனக்காரர்கள்தான், ஐயா, எழுதிக் குவித்திருக்கிறார்கள்! லண்டன் யூஸ்டன் சாலையில் 'நண்பர்கள் இல்லம்' என்ற கட்டடம் இருக்கிறது. அங்கே உள்ள நூலகத்தில் 'துன்பங்களின் பெரும் புத்தகம்' என்று ஒரு கையெழுத்துத் தொகுப்பு. எத்தனை தொகுதி தெரியுமா? 44. எந்த ஊரில், எந்த நண்பர், என்ன குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார், அவர் வீட்டிலிருந்து எந்த மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், எந்தச் சட்டியை எடுத்துப் போனார்கள், அதன் விலை என்ன, எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அடித்தவனைத் திருப்பி அடிக்க மாட்டார்கள். ஆனால் அடித்தவன் பெயரை எழுதி வைப்பார்கள்.

ஏன் இப்படி எழுதினார்கள்? குருவும் இல்லை, வேதபாடமாக ஒப்பிக்க வேண்டிய கொள்கை வாசகமும் இல்லை என்றால், மிஞ்சுவது என்ன? ஒவ்வொரு மனிதரும் தன் வாழ்வில் கண்டது. அதுதான் சாட்சி. வீட்டு வேலைக்காரப் பெண்ணாக இருந்த மேரி ஃபிஷர் 1658இல் துருக்கி சுல்தானையே நேரில் போய்ப் பார்த்து அவர் முன்னால் பேசிவிட்டு வந்தார். ஒரு வேலைக்காரப் பெண்ணின் கடிதத்தை அந்தக் காலத்தில் யார் பாதுகாப்பார்கள்? இவர்கள் பாதுகாத்தார்கள்.

1673ஆம் ஆண்டு லண்டனில் இவர்களுடைய ஒரு குழு கூடி ஒரு முடிவு எடுத்தது. அதைத்தான் இந்தப் பேச்சுக்குத் தலைப்பாக வைத்தேன். நண்பர்கள் எழுதி வெளியிடும் ஒவ்வொன்றிலும் இரண்டு படி வாங்கி வைக்க வேண்டும். நண்பர்களை எதிர்த்து யார் என்ன எழுதினாலும் அதிலும் ஒரு படி வாங்கி வைக்க வேண்டும். கவனியுங்கள். நம்மைத் திட்டி எழுதிய நூலைக் காசு கொடுத்து வாங்கி, அலமாரியில் அடுக்கி, பத்திரப்படுத்த வேண்டும்! பதில் எழுதுவதற்காகத்தான் வாங்கினார்கள், பெருந்தன்மைக்காக அல்ல என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். காரணம் எதுவாக இருந்தாலும் நூல் மிஞ்சியது. 350 ஆண்டுகள் கழித்து அந்த வசையைப் படிக்க வேண்டுமானால், வசை வாங்கியவர்களின் வாசலுக்குத்தான் ஆராய்ச்சியாளர் போகிறார்.

இதைக் கேட்டு, அடடா, எதையும் மறைக்காத மனிதர்கள் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. நான் சொல்ல வந்த விஷயமே இனிமேல்தான் வருகிறது. எதிரியின் ஏச்சைப் பத்திரமாக வைத்தவர்கள், தம்மவர்களின் காகிதத்தில் கத்தரிக்கோலை வைத்தார்கள். ஆவணத்தை அழிக்க நெருப்பும் கரையானும்தான் வேண்டும் என்பதில்லை. பக்தியுள்ள சீடர் போதும். பாசமுள்ள மகள் போதும். ஆகவே எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இதை யார் வைத்தார்? இதில் யார் வெட்டினார்?

வடமேற்கு இங்கிலாந்தில் அல்வர்ஸ்டன் என்ற ஊருக்கு அருகில் ஸ்வார்த்மோர் மாளிகை. அதன் தலைவி மார்கரெட் ஃபெல். கணவர் தாமஸ் ஃபெல் நீதிபதி. 1652இல் ஃபாக்ஸ் அந்த வீட்டுக்கு வந்தார். அம்மையார் இயக்கத்தில் சேர்ந்தார். நீதிபதி கடைசிவரை சேரவில்லை. ஆனால் தம் வீட்டுக் கூடத்திலேயே கூட்டம் நடத்த விட்டார். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் கேட்டுக்கொண்டிருப்பாராம். அந்த வீடு இயக்கத்தின் தபால் நிலையமாகவே ஆகிவிட்டது. ஊர் ஊராக அலைந்தவர்கள், சிறையில் கிடந்தவர்கள், கையில் காசில்லாதவர்கள், எல்லாரும் அம்மையாருக்கு எழுதினார்கள். அப்படிச் சேர்ந்த தொகுப்பில் ஏறத்தாழ 1,400 கடிதங்கள் இன்று அந்த லண்டன் நண்பர்கள் இல்ல நூலகத்தில் உள்ளன. அந்த அம்மையார் எடுத்து வைத்திராவிட்டால் குவேக்கர்களின் முதல் பத்தாண்டு வரலாறு நமக்குப் பாதிகூடக் கிடைத்திருக்காது.

சரி, யார் வைத்தார் என்று தெரிந்துவிட்டது. யார் வெட்டினார்?

1656இல் ஜேம்ஸ் நெய்லர் என்ற தலைவர், மழையில் குதிரைமேல் பிரிஸ்டல் நகருக்குள் நுழைந்தார். இயேசு எருசலேமுக்குள் வந்ததைப் போல, உடன் வந்தவர்கள் துதி பாடினார்கள். அரசு விடுமா? பிடித்துச் சோதனை போட்டார்கள். அவரிடம் இருந்து கடிதங்கள் கிடைத்தன. அன்பர்கள் எழுதிய கடிதங்கள்தாம். அவரை வானளாவப் புகழ்ந்து, கிட்டத்தட்ட கடவுளாகவே ஆக்கிய கடிதங்கள். அவையே அவருக்கு எதிரான சாட்சியாயின. நாடாளுமன்றம் விசாரித்தது. நாக்கில் சூட்டுக்கோலால் துளையிட்டு, நெற்றியில் முத்திரை சுட்டார்கள்.

ஃபாக்ஸுக்கும் அப்படிப்பட்ட கடிதங்கள் வந்திருந்தன. பின்னாளில் தம் காகிதங்களை எல்லாம் வரிசைப்படுத்திக் குறிப்பு எழுதி வைத்தவர் அவர். அந்தப் பழைய கடிதங்களில் எல்லை மீறிய புகழ்ச்சி இருக்கும் இடங்களில் அடித்தலும் திருத்தமும் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதில் ஃபாக்ஸின் கையும் உண்டு என்கிறார்கள். நெய்லருக்கு நேர்ந்ததைப் பார்த்த மனிதர் வேறு என்ன செய்வார்? எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அடித்த வரியைத்தான் முதலில் படிக்கத் தோன்றுகிறது!

அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1694இல், அவருடைய தன்வரலாறு அச்சாயிற்று. பதிப்பித்தவர் தாமஸ் எல்வுட். பார்வை இழந்த மகாகவி மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர் இவர்தான். மொழி தெரிந்தவர், பொறுப்பானவர். பொறுப்பானவர் என்பதாலேயே நிறையச் செதுக்கினார். ஃபாக்ஸ் வாயால் சொல்லச் சொல்ல அவர் குடும்பத்து மருமகன் எழுதிய கையெழுத்துப் படி, உள்ளபடியே அச்சில் வந்தது எப்போது? 1911இல். 217 ஆண்டுகள் உலகம் எல்வுட்டின் ஃபாக்ஸைத்தான் படித்துக்கொண்டிருந்தது.

ஒரு புத்தகத்தின் கதி இன்னும் வேடிக்கை. தம் வேண்டுதலால் நோய் தீர்ந்தவர்களைப் பற்றி ஃபாக்ஸ் ஒரு நூல் விட்டுச் சென்றார். அற்புதங்களின் புத்தகம். பின்வந்தவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடம். அச்சிடவில்லை. அப்புறம் கையெழுத்துப் படியும் காணாமல் போனது. ஆனால் அகராதி வரிசையில் போட்ட ஒரு பொருளடைவு மட்டும் பிழைத்துக் கிடந்தது. அதில் ஒவ்வொரு கதைக்கும் முதல் சில சொற்கள், கடைசிச் சில சொற்கள். ஹென்றி காட்பரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அந்த அடைவை வைத்துக்கொண்டு, மற்ற கடிதங்களில் தேடித் தேடி, தொலைந்த புத்தகத்தில் என்ன இருந்திருக்கும் என்று 1948இல் ஒரு நூலாகவே திரட்டிவிட்டார். 1947இல் அமைதிக்கான நோபெல் பரிசு குவேக்கர்களின் இரண்டு அமைப்புகளுக்கு வழங்கப்பட்டது. அமெரிக்க அமைப்பின் சார்பில் ஆஸ்லோவுக்குப் போய் அதை வாங்கியவரும் இதே காட்பரிதான். விழாவுக்கு வால்கோட்டு போட வேண்டும். அவரிடம் ஏது? போரில் நொந்தவர்களுக்கு அனுப்பச் சேர்த்து வைத்த துணிக் கிடங்கிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது அட்லாண்டிக்கைக் கடந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வாருங்கள். பொய்க் காகிதம் ஒன்றும் மெய்க் காகிதம் ஒன்றும் மோதிக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

1777, ஆகஸ்ட். அமெரிக்க விடுதலைப் போர் நடக்கிறது. குவேக்கர்கள் எந்தப் பக்கமும் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். போர்க்காலத்தில் இதை யார் நம்புவார்கள்? அந்தச் சமயம் சல்லிவன் என்ற அமெரிக்கத் தளபதியிடம் சில தாள்கள் சிக்குகின்றன. ஸ்பாங்க்டவுன் என்ற ஊரில் கூடிய குவேக்கர் ஆண்டுக் கூட்டத்திலிருந்து போன உளவுச் செய்தி என்று அதில் கண்டிருந்தது. அப்படி ஓர் ஆண்டுக் கூட்டமே கிடையாது! எந்தக் குவேக்கர் குழந்தையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை. செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவின் முன்னணிக் குவேக்கர்களைக் கைது செய்து, விசாரணை எதுவும் இல்லாமல், வர்ஜீனியாவில் உள்ள வின்செஸ்டருக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் இருவர் அங்கேயே இறந்துபோனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ஹென்றி டிரிங்கர் என்ற வணிகர். வீட்டில் மனைவி எலிசபெத். 1758இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியவர். 1807இல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு! கணவரைக் கொண்டுபோன சில வாரங்களில் பிரிட்டிஷ் படை நகரைப் பிடிக்கிறது. ஓர் ஆங்கில மேஜர் வந்து, உங்கள் வீட்டில்தான் தங்குவேன் என்று நிற்கிறார். எலிசபெத் மாட்டேன் என்கிறார். வேறு வழியில்லாமல் கடைசியில் ஒத்துக்கொள்கிறார். அப்புறம், மேஜர் இரவு நெடுநேரம் விருந்து வைக்கிறார், ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள் என்று நாட்குறிப்பில் புலம்புகிறார்.

1778 ஏப்ரலில் அவரும் இன்னும் மூன்று பெண்களும் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். எங்கே? வாலி ஃபோர்ஜ் பாசறைக்கு, ஜார்ஜ் வாஷிங்டனையே பார்க்க. எங்கள் வீட்டுக்காரர்களை விடுங்கள் என்று கேட்க. தம் கையில் அந்த அதிகாரம் இல்லை என்றார் வாஷிங்டன். லங்காஸ்டருக்குப் போக அனுமதிச் சீட்டு கொடுத்தார். உட்கார வைத்துச் சாப்பாடும் போட்டார். அந்த மாதக் கடைசியில் ஆண்கள் வீடு திரும்பினார்கள்.

குவேக்கர்களின் கூட்டக் குறிப்பேட்டில் இந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? சில வரி. மாட்டு வண்டியோ குதிரை வண்டியோ, வழியில் சேறோ சகதியோ, அங்கே யார் முகம் கொடுத்துப் பேசினார்கள், இதெல்லாம் அந்த அம்மாள் தனக்காக எழுதியதில்தான் உண்டு. பல்வலி, பேதி மருந்து, வேலைக்காரப் பெண்ணின் சிக்கல், 1793இல் மஞ்சள் காய்ச்சல் நகரைச் சூறையாடியது, எல்லாம் அதில் இருக்கிறது. 1889இல் ஒரு வழித்தோன்றல் அதிலிருந்து பொறுக்கி ஒரு நூல் வெளியிட்டார். வாஷிங்டனும் போரும் முக்கியம், பாட்டியின் பல்வலி எதற்கு என்று தோன்றியிருக்கும் போலிருக்கிறது. எலைன் ஃபார்மன் கிரேன் என்ற வரலாற்றாசிரியர் 1991இல் மூன்று பெருந்தொகுதிகளாக முழுவதையும் கொண்டுவந்த பிறகுதான், அன்றைய பெண்களின் பிரசவம், நோய், மருந்து, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது என்று எல்லாருக்கும் புரிந்தது. பாட்டியின் பல்வலிதான் வரலாறாக ஆனது.

வெட்டியவர்கள் பட்டியல் இன்னும் உண்டு. ஜான் உல்மன் என்ற தையற்காரர். இளம் வயதில் தம் முதலாளிக்காக ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தைத் தம் கையால் எழுதிக் கொடுத்தார். அந்த உறுத்தல் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடு வீடாகப் போய் மெதுவாக, பணிவாகப் பேசியே அவர்கள் மனத்தைக் கரைத்தார். 1772இல் இங்கிலாந்துக்குப் போனவர் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். 1774இல் அவருடைய நாட்குறிப்பை அச்சிட்ட குழு என்ன செய்தது? அவர் எழுதி வைத்த கனவுகளை எடுத்துவிட்டது. ஒரு கனவில், பாதி நரியும் பாதி பூனையுமான ஒரு விலங்குக்கு இரை போடுவதற்காக ஒரு கறுப்பினக் கிழவரைத் தூக்கிலிடுகிறார்கள். இதைவிடக் கூர்மையாக அடிமை வாணிபத்தை யார் சொல்ல முடியும்? ஆனால் குழுவுக்குக் கூச்சம். நல்ல மனிதர் இப்படிக் கனவு காணலாமா!

லண்டன் நியூகேட் சிறைக்குள் போய்ப் பெண் கைதிகளுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரையின் படம், சில ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் இருந்தது. அவர் எழுதிய நாட்குறிப்புகள் ஏராளம். இறந்து இரண்டு ஆண்டில் மகள்கள் இருவர் அவற்றிலிருந்து தொகுத்து வாழ்க்கை வரலாறு வெளியிட்டார்கள். அம்மா அதில் புனிதவதி. மூல நாட்குறிப்பிலோ, தம்மீதே ஐயம் கொண்டு இரவெல்லாம் தவிக்கிற ஒரு பெண். எனக்கு இரண்டாமவரைத்தான் பிடித்திருக்கிறது. உங்களுக்கு?

1827இல் அமெரிக்கக் குவேக்கர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். சகோதரர்கள் பாகம் பிரித்தால் பத்திரக்கட்டும் பிரியத்தானே செய்யும்? ஒரு தரப்பின் கல்லூரி ஹாவர்ஃபோர்ட், மறு தரப்பின் கல்லூரி ஸ்வார்த்மோர். இரண்டுமே ஃபிலடெல்ஃபியாவின் புறநகர்ப் பகுதியில். ஃபிலடெல்ஃபியாவின் இரு தரப்பும் 1955இல் சேர்ந்துவிட்டன. காகிதம் தேடுகிறவர் மட்டும் இன்றும் இரண்டு கல்லூரிக்கும் அலைகிறார். லுக்ரீஷியா மாட் 1840இல் எழுதிய நாட்குறிப்பு ஸ்வார்த்மோரில் இருக்கிறது. அடிமை ஒழிப்பு உலக மாநாட்டுக்கு லண்டன் போன அவருக்கு, பெண் என்பதற்காக அங்கே பிரதிநிதியாக இடம் மறுத்தார்கள். எட்டாண்டு கழித்து செனெகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாடு கூட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஹாவர்ஃபோர்டில் இருக்கிற இன்னொன்று, ஒரே ஒரு தாள். ஆனால் அதன் கதை பெரிது. 1688இல் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். மனிதனை மனிதன் வாங்கி விற்பது தகுமா என்று கேட்டார்கள். அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமை முறையை எதிர்த்துப் பலர் சேர்ந்து எழுதிய முதல் எழுத்தாக அது கருதப்படுகிறது. மாதக் கூட்டம் படித்தது. எங்களுக்கு மிகப் பெரிய விஷயம் என்று மேலே அனுப்பியது. காலாண்டுக் கூட்டமும் மேலே அனுப்பியது. ஆண்டுக் கூட்டம் ஒத்திப் போட்டது. கோப்பு மேசை மேசையாகப் போவது நமக்குத் தெரியாததா! அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுக்க 1776 ஆனது. 88 ஆண்டு.

மறந்துபோன அந்தத் தாளை 1844இல் கண்டெடுத்தார்கள். மறுபடி தொலைத்தார்கள். 2005இல் ஃபிலடெல்ஃபியாவின் ஆர்ச் தெரு கூட்ட இல்லத்தின் காப்பறையில் மறுபடி கிடைத்தது, நைந்து கிழிந்த நிலையில். செப்பனிட்டு ஹாவர்ஃபோர்டில் சேர்த்தார்கள்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. அந்தத் தாளில் தேதி 'இரண்டாம் மாதம் 18' என்று இருக்கும். உடனே பிப்ரவரி என்று எழுதிவிடாதீர்கள். மாதப் பெயர்களில் பழைய தெய்வங்களின் பெயர் ஒட்டியிருக்கிறது என்று குவேக்கர்கள் எண்களால்தான் சொல்வார்கள். 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச்சில். ஆகவே இரண்டாம் மாதம் ஏப்ரல். இதைக் கவனிக்காததால் அச்சிட்ட நூல்களிலும் இந்தத் தேதி பிப்ரவரியாக நிற்கிறது.

இவ்வளவும் தூரத்துக் கதை. நமக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. 1931இல் காந்தியடிகள் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது, அவருக்கும் ஆங்கிலேய ஆட்சியாளர்களுக்கும் நடுவே பேச்சு முறியாமல் இருக்க, குவேக்கர்களின் முயற்சியால் 'இந்திய நல்லிணக்கக் குழு' ஒன்று உருவாயிற்று. அதன் செயலாளர் அகதா ஹாரிசன் அம்மையார். 1954இல் இறக்கும்வரை, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு தூதராகவே அவர் வாழ்ந்தார். காந்தி, நேரு முதலானோருடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து லண்டன் நண்பர்கள் இல்லத்தில் இருக்கிறது. அவருடன் சேர்ந்து உழைத்தவர் ஹோரஸ் அலெக்சாண்டர். 1947 ஆகஸ்டில் கல்கத்தாவில் காந்தியுடன் இருந்தவர்.

இன்னொருவர் நம் சென்னைக்கே வந்தவர். மார்ஜரி சைக்ஸ். 1928இல் வேப்பேரி பெண்டிங்க் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார். இங்கே இருந்த காலத்தில்தான் குவேக்கர் ஆனார். பிறகு சாந்திநிகேதன், சேவாகிராமத்தின் ஆதாரக் கல்வி, அப்புறம் நீலகிரியில் கோத்தகிரி. இந்தியாவில் குவேக்கர்கள் என்ற பொருளில், மறக்கப்பட்ட ஒரு நூற்றாண்டைப் பற்றி 1980இல் ஒரு நூல் எழுதினார்.

அவரிடம் படித்த பெண்களின் பேத்திகள் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பழைய கடிதம், பள்ளி நோட்டு, கோத்தகிரியிலிருந்து வந்த அஞ்சலட்டை ஏதாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் இந்த நூலகத்தாரிடம் ஒருமுறை காட்டுங்கள். பால் கணக்கு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்காதீர்கள். கட்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே கொண்டுவாருங்கள். மாடியில் அதற்காக ஓர் அலமாரியை ஒழித்து வைத்திருப்பதாகச் சற்றுமுன் தலைவர் ஐயா சொன்னார். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.